ஆதாரத் திரையில் கண்டபடி

எண்பது வருடத்துக்கும் முன்னால் ஒரு போர்விமானம் சரியாக என்ன நிறத்தில் இருந்தது என்று யாருக்கும் தெரியாது. தெரியாது என்று சொல்ல ஒரு சங்கம் தேவையில்லை. தெரியும் என்று சொல்லத்தான் தேவை. எங்கள் நாட்டில் அந்தச் சங்கம் ராதோம் நகரத்தில், ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தின் நான்காவது மாடியில் இருக்கிறது. லிஃப்ட் கிடையாது.

செப்டம்பர் வானத்தின் வரலாற்று நிறத் துல்லியச் சங்கம் என்பது அதன் பெயர். கணினியில் பழைய போர்விமானங்களை ஓட்டும் விளையாட்டு ஒன்று உண்டு. விளையாட்டுக்குள் விமானங்கள் சாம்பல் நிறத்தில் மொட்டையாக வரும். அவற்றுக்கு நிறம், எண், சதுரக்கட்டச் சின்னம், எண்ணெய்க் கறை எல்லாம் போட்டு ஒரு போர்வை வரைந்து மாட்டலாம். விமானத்தை உரித்துத் தரையில் விரித்தால் எப்படி இருக்குமோ அப்படி ஒரு தட்டையான படம். அதை இங்கே தோல் என்போம். உருளைக்கிழங்குக்கும் அதே சொல்தான். அதனால் என் மனைவி தனுதாவுக்கு இந்த விஷயத்தில் கேலிக்குப் பஞ்சமே இருந்ததில்லை.

"தோல் வேலை முடிஞ்சுதா லூதெக்? முடிஞ்சா இங்க வா, ரெண்டு கிலோ கெடக்கு."

நான் ஸ்கர்ஜிஸ்கோவில் சிமெண்டுக் குழாய் வார்க்கும் ஆலையில் வேலை செய்கிறேன். சாக்கடைக்குப் போகும் பெரிய குழாய்கள். அவற்றை உருட்டி உருட்டி இடுப்பு ஒரு பக்கமாகச் சாய்ந்துவிட்டது. ஆலை வைத்தியர் பார்த்து, சாய்வு அனுமதிக்கப்பட்ட அளவுக்குள்தான் இருக்கிறது என்று எழுதிக் கொடுத்தார். மாலையில் வீட்டுக்கு வரும்போது நானும் மொட்டை விமானம் போலச் சாம்பலாகத்தான் இருப்பேன்.

இந்த விளையாட்டு என் மகன் வித்தெக் உடையது. நார்வேக்கு, சால்மன் மீன் வெட்டும் ஆலைக்கு வேலைக்குப் போனபோது கணினியை விட்டுவிட்டுப் போனான். போவதற்கு முன்பே நாங்கள் அதிகம் பேசிக்கொண்டதில்லை. போன பிறகு ஞாயிற்றுக்கிழமை தோறும் தொலைபேசியில், அங்கே மழையா என்று நான் கேட்பேன், ஆமாம் என்பான், இங்கேயும் என்பேன். பிறகு தனுதா வாங்கிக்கொள்வாள். ஒரு நாள் அவனே சொன்னான்: "அந்தக் கம்ப்யூட்டர ஆன் பண்ணுப்பா. சேர்ந்து பறக்கலாம்." அன்றிலிருந்து பேச்சுக்குக் குறைவில்லை. இடப்பக்கம் திரும்பு, பின்னால் ஒருத்தன் வர்றான், மூக்கைத் தூக்கு, நான் இருக்கேன் பயப்படாதே. இதெல்லாம் நேரில் ஒரு தகப்பனும் மகனும் சொல்லிக்கொள்ள முடியாத விஷயங்கள். காதில் மாட்டிக்கொண்டு, நடுவில் ஒரு கடலும் இருந்தால் சொல்லலாம்.

மூன்று கிறிஸ்துமஸுக்கு அவன் வரவில்லை. வேலை என்றான். இந்த வருடம் வசந்தத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை சொன்னான்:

"செப்டம்பர் அணிவகுப்புக்குப் பேர் குடுத்துட்டேன். பி-11 விமானம், அஞ்சாம் நம்பர். உனக்கு ஆறாம் நம்பர் போட்டிருக்கேன், என் எடப்பக்கம். அந்த ஞாயித்துக்கிழமை ஷிஃப்ட்ட மாத்தி வாங்கிட்டேன்."

"ஆறாம் நம்பருக்குத் தோல் சங்கத்துலயே இருக்கு. அஞ்சாம் நம்பருக்கு இல்லையே."

"அதான் நீ செய்யப்போறியே."

செப்டம்பர் அணிவகுப்பு என்பது சங்கம் நடத்துவது. உலகப் போர் தொடங்கிய மாதத்தின் முதல் ஞாயிறன்று, நாடு முழுக்க இருந்தும் வெளிநாட்டிலிருந்தும் ஆட்கள் கணினியில் கூடி, அன்றைக்கு மேலெழும்பிய விமானங்களைப் போலவே பறப்பார்கள். சங்கம் அத்தாட்சி கொடுத்த தோல் இல்லாத விமானம் ஓடுதளத்துக்கு வர முடியாது. அதாவது ஐந்தாம் எண்ணின் தோலை அவர்கள் ஏற்காவிட்டால் என் மகன் பறக்க மாட்டான். அவன் பறக்கவில்லை என்றால் மறுபடி மழையைப் பற்றித்தான் பேச வேண்டும்.

மூன்று வாரம் வரைந்து அனுப்பினேன். பதில் வந்தது. நிறம் சந்தேகத்துக்குரியது, விண்ணப்பதாரர் ஆதாரத் திரையின் முன் நேரில் வரவும்.

ஆதாரத் திரை என்றால் என்ன என்று விதிகளில் தேடினேன். எழுத்துக் கூட்டிப் படிக்க நான் கற்றதே ராணுவத்தில்தான், அதுவும் தாமதமாக. வேகமாகத் தாண்டிப் படிக்க எனக்கு வராது. அதனால் சங்கத்தின் விதிகளை முழுவதும் படித்த ஒரே ஆள் நானாகத்தான் இருப்பேன். அதில் இப்படி இருந்தது: நிறம் என்பது ஆதாரத் திரையில் கண்டபடி. ஆதாரத் திரை என்பது தலைவரிடம் உள்ள திரை. தலைவர் என்பவர் ஆதாரத் திரையை வைத்திருப்பவர்.

ஜூன் மாதம், ஒரு நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு பேருந்தில் ராதோம் போனேன். மாடிப்படியில் எனக்கு முன்னால் இரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் கியெல்ட்சே பக்கத்துப் பேருந்து ஓட்டுநர், கையில் தேநீர்க் குடுவை. இன்னொருவர் ஒபோச்னோ தேவாலயத்தில் ஆர்கன் வாசிப்பவர், கணுக்காலுக்கு மேலேயே நின்றுவிட்ட கால்சட்டை.

"எத்தனாவது தடவை?" என்று ஓட்டுநர் கேட்டார்.

"மொதல் தடவை."

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஓட்டுநர் குடுவையின் மூடியில் தேநீர் ஊற்றி என்னிடம் கொடுத்தார். ஆஸ்பத்திரியில் கொடுப்பது போல.

கதவைத் திறந்தவர் பானி ரெகினா (இங்கே மரியாதைக்குப் பெண்ணென்றால் பானி, ஆணென்றால் பான்). தலைவரின் கொழுந்தியாள், சங்கத்தின் செயலாளர். முதலில் என் காலைப் பார்த்தார். காலணியைக் கழற்றிவிட்டுக் கூடையில் இருந்த விருந்தாளிச் செருப்பில் ஒரு ஜோடியை எடுக்கச் சொன்னார். ஆண்களுக்கானதை முன்னால் வந்தவர்கள் எடுத்துவிட்டார்கள். மிஞ்சியது இளஞ்சிவப்பு, முனையில் பஞ்சு உருண்டை. போட்டுக்கொண்டேன். போர்விமானம் பற்றிப் பேச அந்தக் கோலத்தில்தான் உள்ளே போனேன்.

அறையில் மூன்று நாற்காலி இருந்தது. நாற்காலி உறுப்பினர்களுக்கு. விண்ணப்பதாரர் நிற்பதற்கு, நாற்காலிகளுக்குப் பின்னால், அலமாரியின் ஓரமாக ஒரு சிறிய பாய் போட்டிருந்தார்கள். மேசைமேல், பின்னல் துணி போர்த்தி, சுவரில் மாதா படத்துக்கு நேர் கீழே ஆதாரத் திரை இருந்தது. பழைய காலத்துப் பெட்டித் திரை, முன்னால் கண்ணாடி புடைத்துக்கொண்டு. அந்தக் காலத்தில் இரண்டு பேர் சேர்ந்து தூக்குவார்களே, அது.

தலைவர் பான் செனோன், அளவைத் துறையில் துணை அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். பின்னல் துணியை அவரே எடுத்தார், நான்காக மடித்தார், ரெகினாவிடம் கொடுத்தார். திரை சூடாவதற்காகக் காத்திருந்தோம். அந்த நேரத்தில் அவர் என்னை முழுப்பெயரில் அழைத்துப் பேசினார்.

"பான் லுட்விக், நிறம் கண்ணுல இல்ல, பொறுப்புல இருக்கு. முன்னெல்லாம் ஆளுக்கொரு திரை, ஆளுக்கொரு காக்கின்னு இருந்துச்சு. ஒரே குழப்பம். நான் அளவைத் துறையில இருந்தவன். ஒரு கிலோன்னா என்ன? பூட்டி வச்சிருக்கற அந்தக் கல்லுதான் கிலோ. அந்தக் கல்லு தேஞ்சு போச்சுன்னு வைங்க, என்ன அர்த்தம்? உலகம் கொஞ்சம் கனமாயிருச்சுன்னு அர்த்தம். கல்லு தேயாது."

திரை மெல்ல வெளுத்தது. என் ஐந்தாம் எண் விமானம் வந்தது. தோல் உரித்துப் பரப்பியபடி, செங்கல் நிறத்தில்.

"திரை கொஞ்சம் செவப்படிக்குதுங்களே," என்றேன்.

ரெகினா துணியை மார்போடு அணைத்துக்கொண்டார்.

"திரை செவப்படிக்கல," என்றார் தலைவர், ரொம்பப் பொறுமையாக. "உங்க விமானத்துல பச்சை பத்தல."

அப்போதுதான் வேறொன்றும் புரிந்தது. விதிப்படி அத்தாட்சி பெறுவது நாம் வரைந்த படம் இல்லை. அது வேறு திரைகளில் வேறு நிறமாகத் தெரியக்கூடியது, நம்பத்தகாதது. ஆதாரத் திரையில் அது தெரியும்போது ரெகினா தன் கைபேசியால் திரையைப் படம் பிடிப்பார். அந்தப் புகைப்படம்தான் தோல். அதைத்தான் அணிவகுப்பில் விமானத்துக்கு மாட்டுவார்கள். சென்ற வருடம் எல்லா விமானங்களின் இடது இறக்கையிலும் மங்கலாக வெள்ளைப் பூவேலை தெரிந்தது. "என்னப்பா அது, ஜல்லடை மாதிரி?" என்று வித்தெக் கேட்டான். தெரியாது, போர்க்கால ரகசியமாக இருக்கும் என்றேன். எதிரியின் கண்ணை ஏமாற்றும் புள்ளிமுறை என்று வார்சாவில் ஒருவர் நீண்ட கட்டுரையே எழுதினார். சங்கம் மறுக்கவில்லை. இப்போது தலைவர் வீட்டு ஜன்னலைப் பார்த்தேன். அந்தப் பூவேலை அங்கே திரைச்சீலையாகத் தொங்கிக்கொண்டிருந்தது. சமீபத்தில் துவைத்திருந்தார்கள்.

வீட்டுக்கு வந்து பச்சை சேர்த்தேன். அனுப்பினேன். இன்னும் பச்சை, என்று வந்தது. சேர்த்தேன். இன்னும். தனுதா பின்னால் வந்து நின்று பார்த்தாள்.

"புளிச்சகீர சூப்பு மாதிரி இருக்கு. நடுவுல ஒரு அவிச்ச முட்டைய வச்சுக் குடு."

"அங்க பாத்தா காக்கி."

"அப்ப அங்கயே போய் சண்டை போடச் சொல்லு."

ஜூலையில் நிறம் தேறியது. அடுத்தது அழுக்கு.

அழுக்குப் பிரிவுக்கு பான் யூலியுஷ் பொறுப்பு. வாழ்நாள் முழுக்க உணவகச் சமையலறைகளில் அழுக்கு இருக்கிறதா என்று பார்த்த சுகாதார ஆய்வாளர். ஓய்வு பெற்ற பின் விமானங்களில் அழுக்குப் போதுமா என்று பார்க்கிறார். நான் போன நாள் தலைவரின் பெயர்நாளாக, அதாவது அவர் பெயர் கொண்ட புனிதரின் நாளாக அமைந்துவிட்டது. மேசையில் வெங்காயம் போட்ட மீனும் கசகசா ரொட்டியும் இருந்தன. நடுவில் ஆதாரத் திரை. நான் பாயில் நின்றேன். என் கையிலும் ஒரு தட்டு கொடுத்தார்கள். தட்டைப் பிடித்தபடி நின்றேன்.

"இந்த எண்ணெய்க் கறை," என்றார் யூலியுஷ், முள்கரண்டியால் திரையைச் சுட்டி. "யாரு சிந்துனது?"

"எஞ்சின்லருந்து வழியறதுங்க. எல்லா விமானத்துலயும் வழியும்."

"எல்லாத்துலயும் வழியும். இதுல வழிஞ்சதா? படம் இருக்கா?"

"இல்லைங்க. சரி, கறைய எடுத்துடறேன்."

"எடுப்பீங்க. அப்ப சுத்தமா இருந்துச்சுன்னு சொல்றீங்க. சுத்தம்ங்கறது லேசுப்பட்ட வார்த்தை இல்ல பான் லுட்விக். முப்பது வருஷத்துல நான் யாருக்கும் சுத்தம்னு எழுதிக் குடுத்ததே இல்ல."

"அப்ப என்ன செய்யட்டும்?"

"அழுக்கா இருந்துச்சுன்னும் சொல்லக் கூடாது, சுத்தமா இருந்துச்சுன்னும் சொல்லக் கூடாது. அந்த இடைப்பட்ட நெலமையக் கொண்டு வாங்க."

ஐந்தாம் எண்ணுக்கு ஒரே ஒரு பழைய புகைப்படம்தான் உண்டு. அதில் விமானத்தின் பக்கவாட்டை மறைத்துக்கொண்டு ஒரு படைவீரன் நிற்கிறான், தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு. தலைவர் அந்தப் படத்தை எடுத்து என் தோலின் பக்கத்தில் வைத்தார்.

"இந்த ஆளுக்குப் பின்னால என்ன இருக்குன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"விமானம்தாங்க இருக்கும்."

"அனுமானம்."

"அவரு நகர்ந்தா தெரிஞ்சிருக்கும்."

"நகரலையே. எண்பத்தஞ்சு வருஷமா நகரல. அவரு மறைச்சத நாம தெறக்க முடியாது. வரலாறு எவ்வளவு விட்டுச்சோ அவ்வளவுதான்."

ஆகவே நான் வீட்டுக்கு வந்து, ஐந்தாம் எண்ணின் பக்கவாட்டில் அந்தப் படைவீரனின் உருவத்தை அளவெடுத்து, அந்த இடத்தை மட்டும் நிறமில்லாமல் சாம்பலாக விட்டேன். தலை, தோள், முழங்கை, கையில் தொப்பி. நிரூபிக்கப்படாத பகுதி. நான்கு நாள் பிடித்தது. விமானம் ஒரு பக்கத்தில் ஆள் அளவுக்கு ஓட்டை விழுந்தது போல இருந்தது.

"முடிஞ்சுதாப்பா?" என்று வித்தெக் கேட்டான் அந்த ஞாயிறு.

"இன்னும் ஒரு தடவை போகணும்."

"முடியலன்னா விட்டுடு. உன்ன அலைய விடறாங்க."

"முடிஞ்சுடும்."

"இல்ல, நான் வேணா ஷிஃப்ட்ட திருப்பிக் குடுத்துடறேன். ஒருத்தன் கேட்டுக்கிட்டே இருக்கான்."

"குடுக்காத," என்றேன். கொஞ்சம் வேகமாகச் சொல்லிவிட்டேன் போல. பிறகு அங்கே மழையா என்று கேட்டேன். ஆமாம் என்றான்.

ஆகஸ்ட் கடைசியில் மூன்றாவது முறை போனேன். மாடிப்படியில் பழைய ஆட்களே. ஓட்டுநரின் விமானத்துக்குச் சக்கரத்தில் காற்று அதிகமாக இருப்பதாகச் சொல்லியிருந்தார்கள். ஆர்கன்காரருக்கு, இறக்கையின் சதுரக்கட்டம் வரலாற்றுப்படி கோணலாகத்தான் இருக்க வேண்டும், ஆனால் அவர் போட்ட கோணல் நேர்த்தியாக இருக்கிறது என்று திருப்பி அனுப்பியிருந்தார்கள்.

முதலில் என்னைக் கூப்பிட்டார்கள். அதே இளஞ்சிவப்புச் செருப்பு. நான் பாயில் நின்றேன். துணி எடுக்கப்பட்டது, மடிக்கப்பட்டது. திரை சூடானது. விமானம் வந்தது. சங்கத்தின் மாதிரிக் காக்கியைப் பக்கத்தில் வைத்தார்கள். தலைவர் குனிந்தார். யூலியுஷ் குனிந்தார்.

டிக் என்று ஒரு சத்தம். படம் நடுவில் ஒரு புள்ளியாகச் சுருங்கியது. புள்ளியும் போனது.

ரெகினா மாதா படத்தைப் பார்த்தார். பிறகு மெல்ல எழுந்து, மின்செருகி சரியாக இருக்கிறதா என்று பார்ப்பதற்காகத் திரைச்சீலையை விலக்கினார். வெளிச்சம் நேராக என்மேல் அடித்தது. செருகி சரியாகத்தான் இருந்தது.

"பான் தலைவர்," என்றார் யூலியுஷ் மெதுவாக, "இருண்டுருச்சு."

"என்ன இருண்டுருச்சு?"

யூலியுஷ் யோசித்தார். சமையலறைகளில் பழகியவர், எதைச் சொல்லக் கூடாது என்று தெரிந்தவர். "நிறம்," என்றார்.

"அதான்," என்றார் தலைவர்.

எனக்கு வாய் அடங்கவில்லை. "திரை போயிருச்சுங்களா?" என்று கேட்டேன்.

தலைவர் என் பக்கம் திரும்பினார். கோபமில்லை. களைப்பு மட்டும்தான். அவர் முகத்தில் அதை அன்றுதான் முதல்முறை பார்த்தேன். நாள் முடிவில் ஆலைக் கண்ணாடியில் நான் பார்க்கிற முகம்தான் அது.

"பான் லுட்விக், நல்லா யோசிச்சுப் பேசுங்க. இந்தத் திரை போயிருச்சுன்னா, எப்ப போச்சு? இன்னைக்கா? போன மாசமா? இது சரியா இருந்த நாளு எது, கெட்ட நாளு எதுன்னு யாரு சொல்றது? எத்தனை விமானத்துக்கு அத்தாட்சி குடுத்திருக்கோம். அத்தனையும் பொய்யின்னு ஆகும். நாங்க மூணு பேரு இத்தனை வருஷம் இருட்டுல ஒக்காந்து சுவத்தப் பாத்துக்கிட்டிருந்தோம்னு ஆகும். அதனால திரை போகல. திரை காட்டுது. என்ன காட்டுதோ அதப் பாப்போம்."

பார்த்தோம். மாதிரி இருட்டாக இருந்தது. என் விமானமும் இருட்டாக இருந்தது.

"வித்தியாசம் இருக்கா?" என்று தலைவர் கேட்டார்.

"கொஞ்சம்கூட இல்ல," என்றார் யூலியுஷ். குரலில் ஒரு வியப்பு. "இவ்வளவு சரியா ஒண்ணோடொண்ணு ஒத்துப்போனத நான் பாத்ததே இல்ல."

"அழுக்கு?"

"இருக்குன்னும் சொல்ல முடியாது, இல்லன்னும் சொல்ல முடியாது."

"நம்பர் தெரியலைங்களே," என்றேன். "அஞ்சாம் நம்பரு."

"நம்பர் தெரியணும்னு விதி இருக்கா?" என்றார் தலைவர்.

நான்தான் விதிகளை முழுவதும் படித்தவன். இருக்கவில்லை.

ரெகினா கைபேசியை எடுத்தார். "தலை மறைக்குது, நகருங்க," என்றார். தலைவரும் யூலியுஷும் நாற்காலியை இழுத்துக்கொண்டு சுவரோரம் ஒதுங்கினார்கள். என்னை யாரும் நகரச் சொல்லவில்லை. நான் அலமாரி ஓரம், பாயிலேயே, தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். ரெகினா படம் பிடித்தார். கைபேசியைப் பார்த்தார், கண்ணைச் சுருக்கிப் பார்த்தார், தலைவரிடம் காட்டினார்.

"ஒரு ஆளு நிக்கறான்," என்றார்.

தலைவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு பார்த்தார். "தொப்பி கையில. இது அந்தப் படைவீரன். பழைய படத்துல இருக்கறவன்."

"அவன் பக்கவாட்டுலதான இருந்தான்," என்றார் யூலியுஷ். "இவன் எறக்கையில நிக்கறானே."

"வீரங்க நகருவாங்க," என்றார் தலைவர்.

ஏகமனதாக நிறைவேறியது. சங்க வரலாற்றில் இதுவே முதல்முறை என்று ரெகினா சொன்னார். முத்திரை குத்திக் கொடுத்தார். எனக்கு எதையும் திருத்தத் தோன்றவில்லை. மூன்று மாதம் நான் போட்ட பச்சை, கறை, சாம்பல் உருவம் எல்லாம் அந்த இருட்டுக்குள் எங்கோ இருந்தன. ஆனால் முத்திரை என் கையில் இருந்தது. என் மகன் பறப்பான். செருப்பைக் கூடையில் போட்டுவிட்டு வெளியே வந்தேன். ஓட்டுநர் எழுந்து உள்ளே போனார், குடுவையோடு.

"என்னாச்சு?" என்றாள் தனுதா, நான் வீட்டுக்குள் காலெடுத்து வைத்ததும்.

"பாஸாயிருச்சு."

"என்ன கலரு கடைசில?"

"சொன்னா நம்ப மாட்ட," என்று உருளைக்கிழங்கு உரிக்க உட்கார்ந்தேன்.

அந்த வாரத்தில் சங்கம், நிலுவையில் இருந்த எல்லா விண்ணப்பங்களையும் பார்த்துவிட்டது. ஒன்றுகூடத் திரும்பவில்லை. பழைய அத்தாட்சிகளையும், வரைந்தவர்களை வரவழைத்துப் பாயில் நிறுத்தி, மறுபடி திரையில் போட்டுச் சரிபார்த்தார்கள், அவையும் தேறின. முதல் ஞாயிறு மதியம் கணினியைப் போட்டேன். வெளியே நல்ல வெயில், விளையாட்டுக்குள்ளும் நல்ல வெயில். புல்வெளி ஓடுதளத்தில் முப்பதுக்கும் மேல் விமானங்கள் வரிசையாக நின்றன. எல்லாம் கறுப்பு. எண் இல்லை, சதுரம் இல்லை. சவ ஊர்வலத்துக்கு வந்த வண்டிகள் போல.

தலைவர் பறக்க மாட்டார். ஒலிபெருக்கியில் உரை நிகழ்த்துவார். எஞ்சின்கள் ஓடிக்கொண்டிருக்க நாங்கள் கேட்டோம்.

"நண்பர்களே, இன்று முதல்முறையாக எல்லா விமானங்களும் ஒரே நிறத்தில் உள்ளன. கருத்து வேறுபாட்டுக்கு இனி இடமில்லை. நம் சங்கத்தின் இலட்சியம் நிறைவேறியது. ஒவ்வொரு விமானத்திலும் ஒரு மனித உருவம் மங்கலாகத் தெரிவதாகச் சிலர் எழுதிக் கேட்டிருக்கிறார்கள். அவர்கள் தரைப்பணியாளர்கள். வரலாறு இதுவரை அவர்களைக் கவனிக்கத் தவறியது. நாம் தவறவில்லை."

உரை நீண்டது. இரண்டு விமானங்கள் சூடாகி நின்ற இடத்திலேயே அணைந்தன. கடைசியில் கொடி அசைந்தது, மேலெழும்பினோம்.

"அப்பா," வித்தெக்கின் குரல் காதில் வந்தது. "எது நீ?"

"ஆறாம் நம்பரு."

"நம்பரே இல்லையே. எல்லாம் ஒண்ணு மாதிரி இருக்கு. எறக்கைய ஆட்டு."

ஆட்டினேன். சுற்றிலும் பார்த்தேன். எல்லா விமானங்களும் இறக்கையை ஆட்டிக்கொண்டிருந்தன. எல்லாருக்கும் யாரோ ஒருவரைத் தேட வேண்டியிருந்தது.

"சரி, நீ ஆட்டாத," என்றான். "யாரு ஆட்டலையோ அது நீ."

நான் நிறுத்தினேன். கொஞ்ச நேரத்தில் எல்லாரும் நிறுத்தினார்கள்.

ஒரு விமானம் எனக்கு மிக அருகில் கடந்து போனது. வெயில் அதன் இறக்கையில் விழுந்தபோது கறுப்புக்குள் ஒருவர் நின்றார், கையில் தேநீர்க் குடுவை. பின்னால் வந்ததில் குட்டைக் கால்சட்டை. ஒவ்வொரு விமானத்திலும் அதை வரைந்தவன் நின்றான். அலமாரி ஓரம், இரவல் செருப்போடு, யாராவது நகரச் சொல்லுவார்களா என்று காத்துக்கொண்டு.

"அப்பா." வித்தெக்கின் குரல் மாறியிருந்தது. "என் எறக்கையில ஒரு ஆளு நிக்கறாரு."

"படைவீரன்னு சொன்னாங்க."

"படைவீரன் பஞ்சு உருண்டை வச்ச செருப்பு போட மாட்டான்."

நான் விமானத்தின் மூக்கை லேசாகத் தூக்கினேன்.

"ஒரு பக்கமா சாஞ்சு நிக்கறாரு," என்றான். "இடுப்பு இன்னும் சரியாகலையா?"

"அளவுக்குள்ளதான் இருக்குன்னு வைத்தியர் எழுதிக் குடுத்திருக்காரு."

"எப்ப இவ்வளவு எளைச்ச?"

"அது புடைச்ச திரைக் கண்ணாடிடா. அதுல எல்லாரும் ஒல்லியாத்தான் தெரிவாங்க."

கீழே வயல்கள் போய்க்கொண்டிருந்தன. என் விமானத்தில் யார் நிற்கிறார் என்று எனக்குத் தெரியவில்லை. ஆறாம் எண்ணை எப்போதோ வரைந்த யாரோ. வித்தெக்கின் விமானம் எது என்று இப்போது பார்க்க முடிந்தது. முன்னால், வலப்பக்கம், கொஞ்சம் தாழ்ந்து. இறக்கையில் நான். என் தலை நுனிப்பக்கம், கால் அவன் இருக்கைக்குப் பக்கத்தில். தொப்பி கையில். நான் போய் அவனுக்கு இடப்பக்கம் சேர்ந்துகொண்டேன்.

நெடுநேரம் நேராகவே பறந்தோம். எதிரி யாரும் வரவில்லை. திரும்பு என்றோ தூக்கு என்றோ சொல்ல எதுவும் இல்லை.

"அப்பா," என்றான் கடைசியில்.

"சொல்லு."

"தொப்பிய எடுத்துத் தலையில போட்டுக்கோ. இங்க மேல குளுரும்."

எழுந்து போய் ஆணியில் மாட்டியிருந்த தொப்பியை எடுத்துப் போட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்தேன். தனுதா சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

"வீட்டுக்குள்ள எதுக்குத் தொப்பி?"

"குளுருது," என்றேன்.